கௌமாரிக்கு விரோதமாக நான் எழுதிப்போட்ட சீட்டு

போன ஐப்பசியில் என் கணவர் தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு கிடந்தார். முதல் எட்டு நாளும் நான் அவருக்காக ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. முழங்கால் போட்டேன். கண்ணை மூடினேன். உதடு அசைந்தது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மாதர் சங்கத்துக்குப் பன்னிரண்டு வருஷம் செயலாளராக இருந்தவள் எழுதுகிற எழுத்தா இது என்று நம் சபையில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பூசி மெழுகி எழுதினால் அது சாட்சி இல்லை, கடை விளம்பரம். தேவன் எனக்கு என்ன செய்தார் என்று சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் என்று சொல்லியாக வேண்டும்.

என் பெயர் சுகந்தி. வயது நாற்பத்தாறு. தேனி பஜாரில் எங்களுக்குப் பாத்திரக் கடை. ஐப்பசி மழையில் அவருக்குச் சளி பிடித்தது. சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கடைப் படி ஏறவே மூச்சு வாங்கியது. "ஒண்ணுமில்ல சுகந்தி, வயசாகுதுல்ல" என்று சிரித்தார். ஐந்தாம் நாள் உதடு கறுத்துவிட்டது. நெஞ்சு முழுக்கச் சளி கட்டி நிமோனியா என்றார்கள். அன்று சாயங்காலமே வாயில் குழாய் வைத்து மெஷினில் போட்டுவிட்டார்கள். கடைசியாக அவர் என்னிடம் சொன்னது, கடைச் சாவி சட்டைப் பையில் இருக்கிறது என்பதுதான்.

காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வராந்தா பெஞ்சுதான். சபையார் வந்தபடி இருந்தார்கள். ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார்கள். "மனைவி ஜெபத்துக்குன்னு ஒரு வல்லமை உண்டு சிஸ்டர். நீங்க அழுது கேளுங்க." நான் தலையாட்டினேன். என் ஜெபத்துக்கு இருக்கிற வல்லமை இவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஒருத்திக்காக மனசாரக் கேட்டு, கேட்டபடியே நடந்திருக்கிறது. அவள் கண் போயிற்று.

அது முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய கதை. அப்போது நாங்கள் சின்னமனூரில் இருந்தோம். என் அப்பா அங்கே சபை மூப்பர். கௌமாரி என்னோடு ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவள். ஓடைப்பட்டி போகிற ரோட்டில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். வீரபாண்டி கௌமாரி அம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். சனி ஞாயிறு ஆனால் நான் அங்கேதான் கிடப்பேன். பெரியவர்கள் முதுகு வளைத்து நிற்கிற திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாங்கள் நிமிர்ந்து ஓடுவோம். வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனால் எனக்கும் சேர்த்துக் கண்ணாடி வளையல் வாங்கி வருவாள். நான் அவளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்பார்களே, நாங்கள் நிஜமாகவே அப்படிச் சாப்பிட்டோம். அவள் பக்கம் இருக்கிற வறுத்த கருவாட்டை எனக்குத் தள்ளிவிடுவாள்.

மே மாத லீவில் எங்கள் சபையில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் வகுப்பு நடக்கும். நான்தான் அவளைக் கூட்டிப் போனேன். கடைசி நாள் வசனப் போட்டி. புத்தகம் பார்க்காமல் இருபது வசனம் சொல்ல வேண்டும். மூப்பர் மகள், எனக்குத்தான் முதல் பரிசு என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினேழாவது வசனத்தில் நின்றுவிட்டேன். வாய் திறந்தபடி நிற்கிறேன், வார்த்தை வரவில்லை. அடுத்து கௌமாரி எழுந்தாள். இருபதையும் மடமடவென்று சொல்லிவிட்டு, பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

பரிசு கொடுத்தது என் அப்பா. ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். கொடுத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டில், "அந்தப் பிள்ளைக்கு என்ன ஞாபகசக்தி பாத்தியா? அதுல பாதி நம்ம வீட்டுல இருந்தா தேவல" என்றார். "அவ பாத்துச் சொன்னாப்பா. முன்னாடி இருந்த பிள்ளை புத்தகத்தைத் தெறந்து வச்சிருந்துச்சு" என்றேன். பச்சைப் பொய். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

எங்கள் ஆலய வாசலில் மரத்தால் செய்த ஒரு விண்ணப்பப் பெட்டி உண்டு. யாருக்கு என்ன பாரமோ அதைச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் போட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெண்கள் அதைத் திறந்து ஆளுக்கொரு சீட்டு எடுத்துக்கொள்வார்கள். தனக்கு வந்த சீட்டில் இருப்பதை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. ஜெபித்து முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிட வேண்டும். அது அங்கே எழுதப்படாத சட்டம். ஊர்வாய்க்குப் போகாது என்ற தைரியத்தில்தான் எல்லாரும் எழுதுவார்கள்.

நானும் எழுதினேன். நோட்டில் பின்பக்கத் தாளைக் கிழித்து, எழுத்து தெரிந்துவிடக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். "கௌமாரி பார்த்துச் சொல்லிப் பரிசு வாங்கினாள். பார்த்த கண் தெரியாமல் போக வேண்டும் ஆண்டவரே." கீழே ஆமென் போட்டேன். அந்த ஆமென் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை அம்மாவோடு நானும் போனேன். சீட்டுகளை எடுத்தார்கள். யார் கையில் என் சீட்டு போனது என்று தெரியாது. எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள், எல்லாரும் அழுதார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இவ்வளவு பேர் எனக்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்தது. திராட்சைக் கொடியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிப்பார்கள். சுண்ணாம்புக் கல்லை முதலில் டிரம்மில் போட்டுத் தண்ணீர் விட்டால் அது கொதித்துப் பொங்கும். கௌமாரியின் அப்பா கல்லைப் போட்டுவிட்டு மோட்டார் போடப் போயிருக்கிறார். கௌமாரி ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாக அதில் கவிழ்த்து, குனிந்து பார்த்திருக்கிறாள். வெடித்து முகத்தில் அடித்துவிட்டது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின.

சேதி வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயே வாந்தி எடுத்தேன். அம்மா பயந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார். சிநேகிதிக்கு ஆனதைத் தாங்க முடியவில்லை பிள்ளையால் என்று எல்லாரிடமும் சொல்லிப் பூரித்தார்.

அன்றே இன்னொரு சீட்டு எழுதினேன். "எடுத்ததைத் திருப்பிக் கொடும்." அடுத்த வெள்ளி இன்னொன்று. ஒரு மாதம் பெட்டியில் போட்டபடி இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பதினோரு வயதுப் பிள்ளை என்ன கணக்குப் போடும்? கெட்டதைக் கேட்டேன், கொடுத்தார். நல்லதைக் கேட்கிறேன், கொடுக்கவில்லை. அப்படியானால் என் வாயிலிருந்து போகிற எதுவும் கேடாகத்தான் முடியும். இந்தக் கணக்கோடுதான் வளர்ந்தேன். வளர்ந்த பிறகு அது சரியில்லை என்று மூளைக்குத் தெரிந்தது. மூளைக்குத் தெரிந்து என்ன செய்ய? நம்பிக்கை மூளையிலா இருக்கிறது?

அவளை நான் பார்க்கப் போகவில்லை. அம்மா மூன்று தடவை கூப்பிட்டார். ஒரு தடவை வயிற்றுவலி என்றேன், ஒரு தடவை தலைவலி. மூன்றாவது தடவை பரண் மேல் ஏறி ஒளிந்துகொண்டேன். அதற்குமேல் அம்மா கூப்பிடவில்லை. அவள் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. என் பெஞ்சில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்ததெல்லாம் நாடகம். பாடகர் குழுவில் பாடினேன். பாட்டு எனக்குப் பயமில்லை, அது யாரோ எழுதியது. யாராவது "உங்க ஜெபத்துல எங்களை வச்சுக்கோங்க" என்று சொன்னால் சரி என்பேன், வீட்டுக்கு வந்ததும் அவர்கள் பெயரை மறக்கப் பார்ப்பேன். மறந்தால் அவர்களுக்கு நல்லது என்று நினைத்தேன். தேனியில் கல்யாணமாகி வந்த பின் மாதர் சங்கத்தில் விண்ணப்பச் சீட்டுகளைப் பங்கிட்டுக் கொடுக்கிற வேலை எனக்கே வந்தது. ஆண்டவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. பன்னிரண்டு வருஷத்தில் எனக்கென்று ஒரு சீட்டுக்கூட எடுத்ததில்லை. எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் தானே நிற்கிறார் என்று என் தாழ்மையைப் புகழ்ந்தார்கள்.

என் கணவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் ஜெபம் ரொம்ப எளிது. ஷட்டரைத் தூக்குமுன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, இன்னைக்கும் கூட இருங்க" என்பார். அவ்வளவுதான். மகளைப் பெறும்போது சிக்கலாகி நான் மயங்கிக் கிடந்தபோதுகூட அப்படித்தான் கேட்டாராம். வீட்டு ஜெபம் எதுவானாலும், "நீங்க பண்ணுங்க, நீங்க பண்ணுனாத்தான் நல்லா இருக்கு" என்று அவர் தலையில் கட்டிவிடுவேன். இருபத்துமூன்று வருஷம் அந்த மனுஷன் ஜெபத்தின் நிழலில் ஒதுங்கியிருந்தேன். இப்போது அவர் வாயில் குழாய்.

எட்டாம் நாள் டாக்டர் மகளையும் என்னையும் கூப்பிட்டு, சிறுநீரகமும் சரியாக வேலை செய்யவில்லை என்றார். என் மகள் பிரியா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், லீவு போட்டு வந்திருந்தாள். வராந்தாவுக்கு வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "அம்மா, கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. நீ ஜெபம் பண்றியா, இல்ல வாயை மட்டும் அசைக்கிறியா?" என்றாள்.

நான் அவர் கிடந்த அறைக் கதவைப் பார்த்தேன்.

"எட்டு நாளா உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அப்பா பேரைக்கூட நீ சொல்லல."

எனக்கு அழுகை வரவில்லை. வெறும் களைப்புதான் வந்தது. முப்பத்தைந்து வருஷமாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்க இடமில்லாத களைப்பு. "சின்னமனூர் வரைக்கும் போயிட்டு அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கணவனை அப்படிப் போட்டுவிட்டு எங்கே போகிறாள் என்று பெஞ்சில் இருந்த சபையார் பார்த்தார்கள். எதற்குப் போகிறேன் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அவர் செத்தால் நான்தான் கொன்றேன் என்று ஆகிவிடும், அதற்கு முன் ஒருத்தியிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் இருந்தது.

கம்பம் பஸ்ஸில் ஏறினேன். வீரபாண்டி தாண்டும்போது எப்போதும் நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். அந்தக் கோயிலில் கண்ணுக்காக வேண்டிக்கொள்கிறவர்கள் நிறைய. கௌமாரியின் அம்மா மகள் கண்ணுக்காக மூன்று வருஷம் அங்கே தீச்சட்டி எடுத்தார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு தாய் வெறுங்கையில் நெருப்பைச் சுமக்கிறாள், நான் திருப்பிக் கொடும் என்று சீட்டுப் போடுகிறேன், இரண்டுக்கும் பதில் இல்லை. அன்றைக்கு நான் திரும்பிக்கொள்ளவில்லை. கோபுரத்தைப் பார்த்தபடியே போனேன்.

தோட்டத்தில் பாதிக்கு மேல் அவர்கள் விற்றுவிட்டிருந்தார்கள். மிஞ்சிய துண்டில் தம்பி குடும்பமும் அவளும் இருந்தார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பசு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறாள். நான் போனபோது தொழுவத்தில் மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. வலது கண் வெள்ளையாக இருந்தது.

"யாரு அங்கன நிக்கிறது?" என்றாள்.

"நான் சுகந்தி." மறுபடியும் சொன்னேன். "மூப்பர் மக சுகந்தி."

வாளியைக் கீழே வைத்தாள். மாடு உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு, "வா. சாணி கெடக்கும், பாத்துக் கால வையி" என்றாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போட்டி, பொய், சீட்டு, இடது கை எழுத்து, ஆமென், வெள்ளிக்கிழமை அத்தனை பெண்கள் முழங்கால் போட்டது, ஆஸ்பத்திரியில் கிடக்கிற என் கணவர், அவருக்காக வாய் திறக்க முடியாமல் நான் நிற்பது. அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை அது.

"ஏ கிறுக்கி. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையால்ல இருக்கு. நீ எழுதிப் போட்ட சீட்டுக்கா எங் கண்ணு போச்சு? சுண்ணாம்புல தண்ணிய ஊத்துனது நானு. அப்பா அம்புட்டுச் சொன்னாக, கிட்டப் போகாத, நான் வந்து ஊத்துறேன்னு. பொங்குறதப் பாக்கணும்னு எனக்கு ஆச. வாளியத் தூக்கிக் கவுத்தேன். இதுல ஒங்க சாமி எங்கன வந்தாரு, நீ எங்கன வந்த?"

எனக்கு மூச்சு வந்தது. முப்பத்தைந்து வருஷம் நெஞ்சில் கிடந்த கல் அசைந்தது. அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஆனா நீ வரல" என்றாள்.

"மூணு மாசம் ரெண்டு கண்ணுலயும் கட்டோட கெடந்தேன். ராவா பகலான்னு தெரியாது. ஒங்க அம்மா வந்தாக. டீச்சர் வந்தாக. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக எல்லாம் வந்துச்சுக. வாசல்ல காலடிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் நீதான்னு எந்திரிச்சு உக்காருவேன். பயமா இருக்கும்ல, அப்ப அந்த இருவது வசனத்தையும் வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே கெடப்பேன். அது ஒண்ணுதான் எனக்கு மனப்பாடமாத் தெரியும். சொல்லிச் சொல்லி நடுவுல ஒண்ணு மறந்துபோச்சு. நீ வந்தா கேட்டுக்கிரலாம்னு இருந்தேன்."

"எது? எந்த வசனம்? நான் இப்பச் சொல்றேன்" என்றேன்.

"இப்ப எதுக்கு? தும்ப விட்டுட்டு வாலப் புடிக்க வந்துட்டா."

மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். நான் அழுதேன். அந்த அழுகை வேறு. இத்தனை வருஷமும் நான் செய்யாத ஒன்றுக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். செய்ததை ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. என் ஜெபத்தை அவ்வளவு பெரிதாக நினைத்தேன், நான் போகாததை அவ்வளவு சின்னதாக நினைத்தேன். அவள் கண்ணை நான் எடுக்கவில்லை. இருட்டில் கிடந்தவளைத் தனியாக விட்டது நான்தான், சந்தேகமே இல்லை. அதற்குச் சீட்டும் இல்லை, சாட்சியும் தேவையில்லை.

"ஓம் புருசன் பேரென்ன?" என்று கேட்டாள்.

"சாமுவேல்."

"நான் எங்க ஆத்தாகிட்டக் கேக்குறேன். நீ ஒங்க சாமிகிட்டக் கேளு. தனியாக் கேக்கப் பயமா இருந்தா இங்கனயே உக்காந்து கேளு. நான் நிக்கிறேன்ல."

அந்தத் தொழுவத்தில், தவிட்டு வாளிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவை வாய் திறந்து கேட்டேன். அலங்காரமான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, இவளைப் பார்க்க நான் போகல. மன்னிச்சிருங்க. என் வீட்டுக்காரரைக் காப்பாத்துங்க. சாமுவேலைக் காப்பாத்துங்க." அவர் பெயரைச் சொல்லச் சொல்ல எனக்கே அதிசயமாக இருந்தது. இடி விழவில்லை. மாடு அசை போட்டது. கௌமாரி கேட்டுக்கொண்டு நின்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. "நாலு மணி பஸ் வந்துரும், எந்திரி" என்றாள்.

ஐந்து மணிக்கு உள்ளே விட்டார்கள். மெஷினில் எண்கள் காலையில் இருந்ததைவிட மோசமாகத்தான் இருந்தன. அதைப் பார்த்ததும் பழைய பயம் தலையைத் தூக்கியது. பார்த்தாயா, கேட்டாய், ஆகிவிட்டது என்றது. நான் குனிந்து அவர் காதில் சத்தமாகவே ஜெபித்தேன். நர்ஸ், "மெதுவாக்கா" என்றார். மகள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். அன்றிலிருந்து நாலு நாள், நாளைக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிஷம், நான் எழுதிப்போட்ட சீட்டை அவரிடம் சொன்னேன், கௌமாரியைப் பற்றிச் சொன்னேன், எனக்காக நீங்கள் ஜெபித்தது போதும், இனி நான் செய்கிறேன் என்று சொன்னேன். கேட்டதோ இல்லையோ. மூன்றாம் நாள் அவர் விரல் என் விரலை ஒரு தடவை அழுத்தியது. மருந்தில் அப்படி நடக்கும் என்றார் டாக்டர். நடக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனை நேரத்தில், என் கணவர் இறந்துபோனார்.

இப்போது புரிந்திருக்கும், இதைச் சாட்சியாகச் சொல்ல எனக்கு ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்று. பிழைத்து எழுந்தவர்கள்தான் மைக் பிடிப்பார்கள். என்னைப் போன்றவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து அல்லேலூயா சொல்வோம்.

அடக்கத்துக்கு வீடு நிறைய ஆட்கள். பஜாரே கடையடைத்து வந்தது. எனக்கு யார் முகமும் நிற்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம், "கர்த்தர் சித்தம்" என்றார்கள். அந்த வார்த்தை அன்றைக்குக் கல்லெறி போல இருந்தது. கௌமாரி சொன்னதெல்லாம் போய்விட்டது, பழைய கணக்கு திரும்ப வந்துவிட்டது. எட்டு நாள் வாயை மூடியிருந்தபோது அவர் உயிரோடு இருந்தார். வாய் திறந்த நாலு நாளில் போய்விட்டார். இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு சவப்பெட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இனி ஜென்மத்துக்கும் ஜெபிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இது நிஜம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்தேன்.

அப்போது வாசலில் வழி விடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். தம்பி மகள் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பை எங்கே கழற்றுவது என்று தடவிக்கொண்டு, கௌமாரி உள்ளே வந்தாள். கையில் ஒரு மாலை. நேராக வந்து, மாலையைப் பெட்டி மேல் தடவி வைத்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்து அந்தப் பிள்ளை சொன்னதாம்.

"எதுக்கு இந்தக் கண்ணோட இம்புட்டுத் தூரம்?" என்றேன். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"வரணும்ல" என்றாள். பிறகு மெல்ல, "நீ வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்துறக் கூடாதுல்ல" என்றாள்.

என் கையைப் பிடித்தாள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்வரை விடவில்லை. சின்னப் பிள்ளையில் பிடித்த கைதான், இப்போது காய்த்துப் போயிருந்தது.

சபையாரே, கேட்கிறவர்கள் கேட்பீர்கள், இது எப்படி ஜெபத்துக்குப் பதில் என்று. என் மகளே கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். தொழுவத்தில் நான் இரண்டு கேட்டேன். ஒன்று என் கணவர் உயிர். அது கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் யாராவது பேச வந்தால் எனக்குக் கோபம் வரும். இன்னொன்று மன்னிப்பு. அதை நான் ஒரு வார்த்தையாக எதிர்பார்த்தேன். ஒரு கண்ணில்லாமல், மறு கண் மங்கலாக, இரண்டு பஸ் மாறி, முன்பின் தெரியாத வீட்டுக்குள் அது நடந்து வந்தது. அவர் சாகாமல் இருந்திருந்தால் அவள் வந்திருக்க மாட்டாள் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அப்படிக் கணக்குப் போடுகிற பழக்கத்தை விட்டுவிட்டேன்.

இப்போது கடையை நான் திறக்கிறேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று ஜெபிக்கிறேன். சில நாள் வார்த்தை வருகிறது, பல நாள் அழுகைதான் வருகிறது. இன்னும் ராத்திரியில் அவர் பக்கம் கை போகிறது. துக்கம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும், ஒரு பொய்யால் பட்ட பாடு போதும். மாதர் சங்கத்தில் இப்போது எனக்கும் ஒரு சீட்டு எடுத்துக்கொள்கிறேன். பயம் இருந்தாலும் பிரித்துப் படிக்கிறேன், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். மாதம் ஒரு திங்கட்கிழமை சின்னமனூர் போகிறேன். கௌமாரியும் நானும் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. மாட்டைப் பற்றி, தவிட்டு விலையைப் பற்றிப் பேசுவோம். மன்னித்தாயா என்று நான் கேட்பதில்லை.

என்னைப் போல் யாராவது இருப்பீர்கள். பாட்டுப் பாடிக்கொண்டு, சீட்டைப் பங்கிட்டுக்கொண்டு, உள்ளுக்குள் ஒரு வார்த்தைகூடக் கேட்க முடியாமல் இருப்பீர்கள். ஆண்டவர் உங்கள் கெட்ட ஜெபத்தை நிறைவேற்றக் காத்துக்கொண்டிருக்கிறவர் அல்ல. அவரை நான் அப்படி நினைத்ததுதான் அவருக்கு நான் செய்த பெரிய அவமானம். அவரை நம்பலாம். கேட்டது கிடைக்காத நாளிலும் நம்பலாம் என்று, புருஷனை அடக்கம் பண்ணிவிட்டு வந்து சொல்கிறேன். நீங்கள் போகாமல் விட்ட ஒரு வீடு இருந்தால், என்னைப் போல முப்பத்தைந்து வருஷம் தள்ளிப்போடாதீர்கள். ஜெபம் வரவில்லையே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். முதலில் பஸ் ஏறுங்கள். அங்கே உங்களுக்காக ஒருத்தர் எந்திரித்து உட்கார்ந்திருக்கலாம்.